மூன்று முறை ஊமையான காது மெஷின்

வலது பக்கக் கருவி மூன்றாவது முறையாக ஊமையாகி என் மேசைக்கு வந்த அன்றுதான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன் இரண்டு முறை ரிசீவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஒலிபெருக்கி, மாற்றி வந்திருந்தது. தயாரிப்பாளர் அனுப்பிய சீட்டில் இரண்டு முறையும் ஒரே வரி: குறும்பி அடைப்பு. ஆனால் அதை அணிபவரோ, நான் பார்த்தவர்களிலேயே கருவியை மிகச் சுத்தமாக வைத்திருப்பவர். மேல் ஓட்டில் ஒரு விரல் ரேகைகூட இருக்காது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று யோசிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் பாதிப் பழி என்னுடையது.

அவரைக் கடிகாரக்காரர் என்றே சொல்கிறேன். பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. வயது 71. நாற்பத்தைந்து வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர், இப்போதும் பார்க்கிறார். வலது கைப் பழக்கம். கை நடுக்கம் கிடையாது. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, மணலைவிடச் சிறிய திருகை ட்வீசரால் எடுத்து வைப்பவர். காதுக்குள் வைக்கும் கருவிகளைப் பொறுத்தவரை வயதானவர்களுக்கு வரும் முதல் சிக்கலே விரல்தான். பொருள் சிறியது, பேட்டரி அதைவிடச் சிறியது. இவருக்கு அந்தக் கவலையே இல்லை என்று முதல் நாளே குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புதான் என் கண்ணைக் கட்டிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

காதும் கருவியும்

மகள்தான் அழைத்து வந்தார். டிவி சத்தம் தாங்க முடியவில்லை என்பது அவர் புகார். அப்பாவின் புகார் வேறு: “சத்தமெல்லாம் கேக்குது டாக்டர். பேச்சுதான் புரியல.” (நான் டாக்டர் இல்லை, செவியியல் நிபுணர். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.)

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம், இருக்கிறது. சோதித்தபோது 250, 500 ஹெர்ட்ஸில், அதாவது தாழ்ந்த ஒலிகளில், 25 முதல் 30 டெசிபல் (இந்த எண் கூடக் கூடக் கேட்பது குறைவு என்று பொருள்). கிட்டத்தட்ட நல்ல காது. 2000 ஹெர்ட்ஸிலிருந்து கோடு சரிந்து 4000-இல் 70 டெசிபலுக்கு இறங்கிவிட்டது. இரண்டு காதும் ஏறத்தாழ ஒரே மாதிரி, நரம்பு வகைக் குறைபாடு, செவிப்பறையில் கோளாறு இல்லை. வயதோடு வருவது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழ் அலைவரிசையில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் மேல் அலைவரிசையில். நான் வாயை மறைத்துக்கொண்டு “சட்டம்” என்றேன், அவர் “கட்டம்” என்றார். “பட்டம்” என்றேன், அதற்கும் “கட்டம்”. எதிராளி பேசுகிறார் என்று தெரிகிறது, என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட காதுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, காதின் பின்னால் உட்கார்ந்து மெல்லிய கம்பி வழியாக உள்ளே ஒலி தரும் வகை. அது காதை அடைக்காது. நன்றாகக் கேட்கிற தாழ்ந்த ஒலிகள் தம் போக்கில் உள்ளே போகும். அவர் மறுத்துவிட்டார். காதின் பின்னால் ஏற்கெனவே கண்ணாடிக் கம்பி, அதன் மேல் லென்ஸின் பட்டை. “அங்க இடமில்ல.” நியாயமான காரணம். அதனால் காதின் அச்சு எடுத்து, துவாரத்துக்குள் முழுசாகப் போய் உட்காரும் வகையைச் செய்து கொடுத்தோம். ஓட்டில் 1.5 மில்லிமீட்டர் வென்ட், அதாவது கருவியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஊடுருவும் காற்றுத் துளை.

அந்தத் துளைதான் இந்தக் கதையில் முக்கியமானது. நாம் பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுத் துவாரத்தின் குருத்தெலும்புச் சுவரை அதிர வைக்கும். துவாரம் திறந்திருந்தால் அந்த அதிர்வு வெளியே கசிந்துவிடும். அடைத்துவிட்டால் உள்ளேயே தங்கி, தாழ்ந்த ஒலிகள் முழங்கும். விரலைக் காதில் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தால் தெரியும். கீழ் அலைவரிசையில் நல்ல காது உள்ளவருக்கு இந்தத் தொல்லை அதிகம். வென்ட் அதற்குத்தான்.

நான் கோட்டைவிட்ட மூன்று இடங்கள்

முதல் மாதம் நன்றாகப் போனது. பேரன் பேசுவது புரிகிறது என்றார்.

இரண்டாம் மாதம் இரண்டு குறைகளோடு வந்தார். தன் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. பேட்டரி இரண்டு நாள்கூட நிற்பதில்லை. முதல் குறைக்கு “போகப் போகப் பழகிவிடும்” என்றேன். புதிதாக அணிகிறவர்களிடம் நாங்கள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வது அது. பெரும்பாலும் உண்மையும்கூட, மூளை புதிய ஒலிக்குப் பழகச் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் இவருக்கு முதல் மாதம் அந்தத் தொல்லை இல்லையே! பழகாததால் வருகிற குறை முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டும். நன்றாக இருந்துவிட்டு இரண்டாம் மாதம் தொடங்கினால், ஏதோ அடைத்துக்கொண்டது என்று பொருள். கோப்பில் தேதியோடு என் கையெழுத்திலேயே இருந்தது. பார்த்தும் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் வலது கருவி ஊமை. அனுப்பினேன். ரிசீவர் மாற்றி வந்தது. ஐந்தாம் மாதம் அதுவே மறுபடியும். அதே சமயம் இடது கருவியும் மங்கலாகக் கேட்கிறது என்றார். காதின் கேட்கும் திறன் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன், மாறவில்லை. சரி, கொஞ்சம் கூட்டுவோம் என்று கணினியில் இணைத்து மேல் அலைவரிசையில் 6 டெசிபல் ஏற்றிவிட்டேன். பளிச்சென்று இருக்கிறது என்று சந்தோஷமாகப் போனார். ஒரு வாரத்தில் போன் வந்தது: வாயை அசைத்தாலே விசில் அடிக்கிறது.

இதைவிட எளிய பாடம் எங்கள் படிப்பில் இல்லை. கருவி மங்கினால் முதலில் கருவியைப் பார், அப்புறம்தான் கணினியைத் தொடு. இடது மைக்கின் வாயில் பாதி அழுக்கு. அதை ஈடுகட்ட நான் பெருக்கத்தை ஏற்றினேன். சில நாளில் அவர் துலக்கியபோது அந்த அழுக்கு உதிர்ந்துவிட்டது. மைக் முழு பலத்தோடு எழுந்தது, பெருக்கமும் கூடுதலாக நின்றது, காதிலிருந்து கசிந்த ஒலி மைக்குக்குத் திரும்பி விசிலானது. நான் ஏற்றியதை நானே இறக்கிவிட்டு, விசில் நின்றது என்று கோப்பை மூடினேன். ஏன் மங்கியது என்று அப்போதும் கேட்கவில்லை. முதல் நாளே சோதனைப் பெட்டியில் வைத்துக் கருவியின் வெளியீட்டைப் பதிந்து வைத்திருந்தால் இரண்டே நிமிடத்தில் ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன். பதிந்து வைக்கவில்லை.

துணிச்சுருள்

ஏழாம் மாதம். வலது கருவி மூன்றாவது முறை. மறுபடி உறையில் போட்டு அனுப்பக் கை போனது. நிறுத்திவிட்டு, “சார், வீட்டில் தினமும் என்ன செய்கிறீர்களோ அதை இங்கே ஒருமுறை செய்து காட்டுங்கள்” என்றேன்.

பையிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து மேசையில் விரித்தார். கண் லென்ஸ், இரண்டு ட்வீசர், மெல்லிய தூரிகை, காற்று ஊதும் ரப்பர் பந்து, பிடியில் செருகிய ஊசிக் கம்பி, சின்னப் புட்டியில் ஸ்பிரிட், மல்டிமீட்டர். நான் கொடுத்த பிளாஸ்டிக் தூரிகை அதில் இல்லை. “அது முரடு” என்றார்.

வேலை செய்யும் இடது கருவியைக் காதிலிருந்து கழற்றினார். கடிகாரத்தை எப்படி முகம் மேலாக வைப்பாரோ அப்படியே, ஒலி வெளிவரும் முனை மேலே பார்க்க இரு விரலில் பிடித்தார். தூரிகையால் சுழற்றிச் சுழற்றித் துலக்கினார். நான் குனிந்து பார்த்தேன். உதிர்ந்த துணுக்குகள் வெளியே விழவில்லை. துளைக்குள் விழுந்தன. அதே தூரிகையைத் துடைக்காமல் திருப்பி, மறு முனையிலிருக்கும் மைக்கின் வாயையும் துலக்கினார். இடது மைக் ஏன் அடைத்தது என்பதற்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது.

பிறகு வலது கருவி. லென்ஸை மாட்டிக்கொண்டு ஒலித்துளையைக் காட்டினார். எனக்கும் ஒரு லென்ஸ் தந்தார். அங்கே வெள்ளை வலை மூடிய சிறு குப்பி இருக்க வேண்டும், வாக்ஸ் கார்டு, அதாவது குறும்பியைத் தடுக்கும் வடிகட்டி. இல்லை. வெறும் குழி.

“இங்க ஒரு வெள்ளை அடைப்பு இருக்கும் டாக்டர். பத்து நாளுக்கு ஒருதரம் அழுக்காயிடும். எடுத்துட்டா சத்தம் பளிச்சுனு வருது.”

வரும்தான். அடைத்த வடிகட்டியைக் கழற்றி எறிந்தால் எந்தக் குழாயிலும் தண்ணீர் நன்றாகத்தான் வரும். எடுத்த மறுநாள் கருவி முன்னைவிட நன்றாகக் கேட்டது, அதனால் தான் செய்தது சரி என்று அவர் நம்பினார். அதற்குப் பின் இரண்டு மூன்று வாரம் குறும்பி நேராக ரிசீவருக்குள் போனது. ரிசீவர் என்பது மிளகு அளவுகூட இல்லாத ஒலிபெருக்கி. உள்ளே போனதை வெளியே எடுக்க அவர் கம்பியை விட்டார். கம்பி அதை இன்னும் ஆழத்தில் தள்ளியது.

முனையில் அருகருகே இரண்டு துளைகள் உண்டு. ஒன்று ரிசீவர் வாய், அது முட்டுச் சந்து. மற்றது வென்ட், மறுபக்கம் வரை போகும். கம்பி விடலாம் என்றால் வென்ட்டில்தான் விடலாம். அவர் தலைகீழாகச் செய்திருக்கிறார். வென்ட்டைத் தொட்டதே இல்லை. “அது வார்ப்புத் துளைன்னு நினைச்சேன்.” வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். வலது கருவியில் வெளிச்சம் வரவில்லை. முழுக்க அடைந்திருந்தது. பானைக்குள்ளிருந்து வந்த குரலுக்குக் காரணம் அதுதான்.

பேட்டரிக்கு வந்தோம். இந்த வகைக் கருவிக்கு 10-ஆம் எண், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய துத்தநாகக் காற்று பேட்டரி. ஸ்டிக்கரை உரித்த கையோடு மல்டிமீட்டரை வைத்தார். 1.3 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. “பாருங்க, புதுசே வீக்.” ஓரமாக ஒதுக்கினார். கடிகாரத்தில் போடும் சில்வர் ஆக்சைடு பேட்டரி 1.55 வோல்ட், அவர் கண் அதற்குப் பழகியது. இது வேறு சாதி. ஸ்டிக்கரின் கீழே நுண்துளைகள் இருக்கின்றன. அதன் வழியாகக் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போன பிறகுதான் பேட்டரி உயிர் பெறும். உரித்து ஒரு நிமிடமாவது, இரண்டு மூன்று நிமிடம் என்றால் நல்லது, திறந்து வைத்துவிட்டுப் போட வேண்டும். அவர் ஒதுக்கியதைச் சற்று நேரம் கழித்து மறுபடி அளக்கச் சொன்னேன். 1.4-ஐத் தொட்டது. ஒன்றும் பேசாமல் மல்டிமீட்டரின் முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தார். அதே 1.4.

உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி நிறுத்திவைக்க முடியாது. இதையும் அவர் செய்து பார்த்திருந்தார். இரவில் கருவியை பேட்டரியோடு, அதன் பேட்டரிக் கதவை மூடி, ஈரம் உறிஞ்சும் மணிகள் உள்ள டப்பாவில் வைப்பது வழக்கம். டப்பா சரி. ஆனால் பேட்டரி உள்ளே இருந்தால் அந்த மணிகள் பேட்டரிக்குள்ளிருக்கும் ஈரத்தையும் நுண்துளை வழியாக இழுத்துவிடும். இரண்டு நாள் கணக்கு அங்கே சரியாகிவிட்டது.

மகள் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். “அப்பா, இதெல்லாம் செய்றீங்கன்னு இவங்ககிட்ட சொல்லவே இல்லையே?”

“கேக்கலையேம்மா. சுத்தம் பண்றீங்களான்னுதான் கேட்டாங்க. பண்றேன்னேன்.”

உண்மை. நான்கு முறையும் கோப்பில் “தினசரிச் சுத்தம்: ஆம்” என்று எழுதியிருக்கிறேன்.

காதையும் பார்க்க வேண்டியிருந்தது

கருவியின் கதை இவ்வளவு தெளிவான பிறகு காதைப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் நான்காவது தவறாகியிருக்கும். காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பில் வலது துவாரத்தின் முக்கால் பங்கு குறும்பி. பெரியவர்களுக்குத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. தோல் மெல்ல வெளிப்பக்கமாக நகர்ந்து அதைத் தானே தள்ளிக்கொண்டு வந்துவிடும். காதுக்குள் நாள் முழுக்கக் கருவியை வைத்தால் அந்தப் பாதை அடைபடுகிறது, ஒவ்வொரு முறை செருகும்போதும் கொஞ்சம் உள்ளே போகிறது. நல்ல வேளை, பஞ்சுக் குச்சி போடும் பழக்கம் அவருக்கு இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரே அமர்வில் எடுத்துவிட்டார். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் இதை வீட்டில் முயலவே கூடாது என்பதை அவருக்கும் சொல்லி, இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

மாற்றியது

துணிச்சுருளிலிருந்து ஊசிக் கம்பியையும் ஸ்பிரிட்டையும் விலக்கினோம். ஸ்பிரிட் ஓட்டின் மேற்பூச்சைக் கெடுக்கும், உள்ளே இறங்கினால் இன்னும் மோசம். தண்ணீரும் வேண்டாம், உலர்ந்த மெல்லிய துணி போதும். மேசை விளக்கின் சூட்டில் காயவைப்பதையும் விடச் சொன்னேன், அதுவும் கடிகார வேலையிலிருந்து வந்த வழக்கம்தான். ரப்பர் பந்தை வைத்துக்கொள்ளலாமா என்றார். வேண்டாம் என்றேன், காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று நமக்குத் தெரியாது.

நேரத்தையும் மாற்றினோம். இரவில் கழற்றியவுடன் குறும்பி இளகி ஒட்டும் பதத்தில் இருக்கும். அப்போது துலக்கினால் பூசிவிடும். ஆகவே இரவில் துணியால் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடி டப்பாவில் வைப்பது மட்டும். காலையில் குறும்பி காய்ந்திருக்கும். அப்போது துலக்கலாம். முதலில் மைக்கை, அப்புறம் ஒலி முனையை. முனை எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும், உதிர்வது கீழே விழட்டும். வென்ட்டில் நைலான் இழையை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்து, நுனியைத் துடைத்துவிட்டுத் திரும்ப இழுக்க வேண்டும்.

வாக்ஸ் கார்டு மாற்றுவதைப் பத்து முறை செய்ய வைத்தேன். குச்சியின் ஒரு முனை பழையதைப் பிடுங்க, மறு முனையில் புதியது காத்திருக்கும். பழையதைப் பிடுங்கிய கையோடு குச்சியைத் திருப்பி அழுத்தினால் முடிந்தது. பத்து விநாடி வேலை. பிடுங்கிவிட்டு இன்னொன்று போடாமல் கருவியைக் காதுக்குள் கொண்டுபோகக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டார். மாதம் ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள், குறும்பி அதிகமுள்ள காதுக்கு அது போதாது. வலது காதுக்கு இரண்டு வாரம், இடதுக்கு மாதம் என்று தொடங்கினோம்.

எல்லாம் முடிந்து எழுந்தவர், “எந்த ஆயில் போடலாம்?” என்றார். நாற்பத்தைந்து வருடம் எந்திரங்களோடு இருந்தவர் வேறென்ன கேட்பார்? ஒரு துளியும் கூடாது என்றேன். செருகச் சிரமமாக இருந்தால் தண்ணீர் சார்ந்த ஜெல்லை ஓட்டின் பக்கவாட்டில் மட்டும் லேசாகத் தடவலாம், துளைகளின் பக்கம் போகாமல்.

அதற்குப் பின்

மூன்று வாரத்தில் வந்தார். பேட்டரி ஐந்து நாள் நிற்கிறது, தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். குரல் முழக்கம் வென்ட்டைத் திறந்த அன்றே போய்விட்டது. வலது கருவிக்குப் புது ரிசீவர் வந்து ஒன்பது மாதம் ஆகிறது, இதுவரை அனுப்பவில்லை. காதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம், ஒரு முறை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. “சட்டம்”, “பட்டம்” இரண்டும் பத்துக்கு எட்டு முறை சரியாக வருகின்றன.

தீராததும் உண்டு. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் தடுமாறுகிறார். இவ்வளவு சிறிய ஓட்டில் திசை பிரிக்கும் இரண்டு மைக் வைக்க இடமில்லை. காதின் பின்னால் மாட்டும் வகையில் அது இருந்திருக்கும். அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. இரைச்சலுக்கு முதுகு காட்டி உட்காருவது, எதிரே பேசுபவர் முகத்தில் வெளிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது என்று சமாளிக்கிறார்.

என் பக்கத்தில் இரண்டு மாறின. கருவி கொடுக்கும் நாளில் சோதனைப் பெட்டி அளவைக் கோப்பில் வைக்காமல் ஆளை அனுப்புவதில்லை. “சுத்தம் செய்கிறீர்களா” என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து அடித்துவிட்டு, “செய்து காட்டினார், பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டத்தை நிரப்பத் தொடங்கிய பிறகு என்னென்னவோ கண்ணில் படுகிறது. சிவப்புக் குறி வலதுக்கு, நீலம் இடதுக்கு என்று தெரியாமல் ஒரு வருடம் மாற்றி மாற்றித் திணித்துக்கொண்டிருந்த ஒருவர், மேசையில் விட்ட கருவியை நாய் மென்றுவிட, அதோடு வந்த இன்னொருவர் (நாய்களுக்குக் குறும்பி வாடை பிடிக்கும், விசில் சத்தமும் இழுக்கும்). நல்ல வேளை, அந்த நாய் பேட்டரியை விழுங்கவில்லை. நாயானாலும் குழந்தையானாலும் விழுங்கிவிட்டால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

கடைசியாக வந்தபோது கடிகாரக்காரர் ஒரு சின்ன மரக்கட்டையைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு குழி, ஒன்றின் ஓரம் சிவப்புப் புள்ளி, மற்றதில் நீலம். கருவியை வைத்தால் ஒலி முனை தானாகக் கீழே பார்க்கும், துலக்கினால் தூசு அடியிலிருக்கும் துளை வழியாக வெளியே போய்விடும். எனக்கும் ஒன்று செய்து தந்திருக்கிறார். வலது காதில் போனை வைத்தால் மட்டும் இன்னும் சில சமயம் விசில் அடிக்கிறதாம். போனைக் காதோடு இறுக்கி அழுத்துகிறாரோ என்று சந்தேகம். அடுத்த முறை என் எதிரிலேயே யாருக்காவது போன் போட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.